உள்ளிருந்து பூசும் சுவர்

"ஏனுங்க, மண்ணு பத்தலை! இன்னும் கொஞ்சம் கொண்டாங்க!"

"எத்தனை தடவைதான் ஓடைக்குப் போறது? நேத்திருந்து இதே பொழப்பா இருக்கு!"

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அந்த மரத்தில் ஒரு பொந்து. பொந்துக்கு வெளியே உட்கார்ந்து முணுமுணுத்தவன் செங்கண்ணன். பொந்துக்கு உள்ளிருந்து அதட்டியவள் அவன் மனைவி வெள்ளைக்கண்ணி. இருவரும் இருவாச்சிப் பறவைகள். பெரிய மஞ்சள் அலகு, அதன் மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு கொண்டை. சிறகடித்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். இவர்களை "அது", "இது" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பம் நடத்துகிறவர்கள் அல்லவா!

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் தாய் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்பா மண் கொண்டுவந்து தருவார். தாய் அந்த மண்ணோடு பழச் சக்கையையும் தன் எச்சத்தையும் குழைத்து, பொந்தின் வாசலை உள்ளே இருந்தபடி பூசி அடைப்பாள். எச்சமா என்று முகம் சுளிக்க வேண்டாம். காய்ந்தால் கல் போல நிற்கும். கடைசியில் ஒரு சின்னக் கீறல் மட்டும் மிஞ்சும். அப்பாவின் அலகு நுனி நுழையும் அளவுக்குத்தான் அந்தக் கீறல்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாய் வெளியே வரமாட்டாள். அவளுடைய பறக்கும் இறகுகள் எல்லாம் உதிர்ந்துவிடும். அப்பா கொண்டுவரும் பழத்தைத் தின்றுகொண்டு, முட்டையை அடைகாத்துக்கொண்டு, அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பாள்.

முட்டை பொரிந்தது. ஒரு பெண் குஞ்சு வெளியே வந்தது. பொட்டு என்று பெயர் வைத்தார்கள்.

பொட்டு இறகே இல்லாமல் அசிங்கமாக இருந்தாள். செங்கண்ணன் கீறல் வழியாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். "அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கு!" என்று காடே அதிரக் கத்தினான்.

பொட்டு வளர்ந்தாள். வாய் பேசத் தெரிந்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"அம்மா, அந்த வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"காடு."

"நான் பார்க்கட்டுமா?"

"முடியாது!"

"ஏன்?"

"சொன்னா கேளு!"

எல்லா அம்மாக்களும் சொல்லும் பதில்தான். வெள்ளைக்கண்ணி நல்லவள். ஆனால் பயந்தவள். அந்தக் காட்டில் ஒரு மரநாய் இருந்தது. கரிய உடம்பு, மஞ்சள் தொண்டை. பொந்து பொந்தாக மூக்கை நுழைத்துக் குஞ்சுகளைத் தின்பதே அதற்கு வேலை. குழந்தையிடம் இதைச் சொன்னால் மிரண்டுவிடுமே என்று வெள்ளைக்கண்ணி வாயைத் திறக்கவில்லை. சொல்லாமலேயே எல்லாவற்றையும் தடுத்தாள்.

நாளாக ஆக "முடியாது" அவளுக்குப் பழகிப்போனது. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும்.

"அம்மா, நான் பாட்டு..."

"முடியாது!"

"அம்மா, மழை பெய்யுது. கீறல் வழியா நாக்கை நீட்டி ஒரே ஒரு சொட்டு..."

"முடியாது!"

ஒரு சொட்டு மழையில் என்ன வந்துவிடப் போகிறது? வெள்ளைக்கண்ணிக்கே தெரியாது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

இப்போது அப்பாவைப் பார்ப்போம். செங்கண்ணன் விடிந்ததும் பழம் தேடப் போவான். தொண்டை நிறைய அத்திப்பழத்தை அடக்கிக்கொண்டு வருவான். கீறல் வழியாக ஒவ்வொன்றாகக் கக்கிக் கொடுப்பான். பிறகு மறுபடியும் பறந்துவிடுவான். மகளோடு இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் மகள் தன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். வேலைக்குப் போய் வரும் அப்பாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் செங்கண்ணனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பொட்டு கெட்டிக்காரி. அப்பாவின் சிறகுச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அழ ஆரம்பித்துவிடுவாள்.

"ஏன் அம்மிணி அழறே?" என்று செங்கண்ணன் பதறுவான். வாய் நிறையப் பழம் இருப்பதால் "ம்மிணி ம்ழறே" என்றுதான் கேட்கும்.

"அப்பா, உங்க மூஞ்சியே எனக்குத் தெரியலை! அலகு நுனி மட்டும்தான் தெரியுது! அம்மா பார்க்க விடமாட்டேங்குது!"

செங்கண்ணன் உருகிப் போனான். அக்கம்பக்கம் பார்த்தான். வெள்ளைக்கண்ணி கண்ணயர்ந்திருந்தாள். கீறலின் ஓரத்தை அலகால் மெல்லக் கொத்தினான். ஒரு சில்லு மண் உதிர்ந்தது.

"இப்ப தெரியுதா?"

"கொண்டை தெரியுது! அப்பான்னா அப்பாதான்!"

அப்பா போனதும் அழுகை நின்ற இடம் தெரியவில்லை. பொட்டு ஆனந்தமாக அத்திப்பழம் தின்றாள்.

சாயங்காலம் வெள்ளைக்கண்ணி சுவரைப் பார்த்தாள். "இது எப்படி உடைஞ்சது?" என்று கேட்டாள். பொட்டு தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளே மண் குழைத்துப் பூசினாள். மறுநாள் செங்கண்ணன் மறுபடியும் கொத்தினான். அவள் மறுபடியும் பூசினாள். அடுத்த நாளும் இதே கதை. ஒரே சுவரை ஒருவர் இடிக்க, ஒருவர் கட்ட, வீட்டில் நாள்தோறும் கொத்தனார் வேலை நடந்தது.

பக்கத்து மரத்தில் ஒரு மலை அணில் குடியிருந்தாள். பட்டுவால் என்று பெயர். அடுத்த வீட்டு விஷயம் என்றால் அவளுக்கு அப்படியொரு அக்கறை!

"ஏனுங்க அண்ணா, பச்சைப் புள்ளையை இப்படியா அடைச்சு வைப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "என் புள்ளைங்ககிட்ட நான் 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. நாங்க எல்லாம் சிநேகிதங்க மாதிரி பழகறோம்!"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பிள்ளைகள் இரண்டும் தங்கள் கூட்டிலிருந்தே சுள்ளிகளைப் பிடுங்கிக் கீழே போட்டு விளையாடிக்கொண்டிருந்தன.

"கண்ணுங்களா, வீடுடா அது!" என்றாள் பட்டுவால்.

பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பார்த்தீங்களா? என்ன தைரியம்!" என்று பெருமையாகச் சிரித்தாள். அன்று அந்தக் குடும்பம் வெறும் கிளையில் படுத்துத் தூங்கியது.

செங்கண்ணனுக்கு அது கண்ணில் படவில்லை. "சிநேகிதங்க மாதிரி" என்ற வார்த்தை மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவன் இன்னும் பெரிதாகக் கொத்தினான். மண் கொண்டுவருவதையும் குறைத்துவிட்டான். வெள்ளைக்கண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏனுங்க, நீங்க கொத்திட்டுப் பறந்து போயிடறீங்க. நான் பூசிட்டு இங்கேயே கிடக்கறேன். அவளுக்கு நீங்க நல்லவர், நான் கெட்டவளா?"

"கொஞ்சம் வெளிச்சம் வந்தா என்ன புள்ள? குழந்தை ஆசைப்படுது!"

"குழந்தை நிலாவைக் கேட்டா அதையும் கொத்திக் கொண்டாருவீங்களா?"

"கேட்டா பார்த்துக்கலாம்!"

இந்தச் சண்டை எல்லாம் மகளை நடுவில் வைத்துக்கொண்டுதான். பொட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அம்மா மறுத்தால் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

ஒரு நாள் வெள்ளைக்கண்ணி சுவரைப் பூசும்போது பொட்டு வெடித்தாள்.

"நீதான் என்னை அடைச்சு வச்சிருக்கே! உனக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது! அப்பாவுக்கு மட்டும்தான் பிடிக்கும்!"

வெள்ளைக்கண்ணியின் அலகில் இருந்த மண் கீழே விழுந்தது. அவளுக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மண்ணைப் பொறுக்கி எடுத்து மறுபடியும் பூசினாள்.

பொட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பொந்தில் இரண்டு பேர் உட்காரத்தான் இடம். திரும்பினால் இடிக்கும், அசைந்தால் உரசும். அதற்குள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்! அம்மாவும் மகளும் அப்படித்தான் இருந்தார்கள்.

எதிர்மரத்தில் இதையெல்லாம் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யார்? மரநாய்தான்.

"பலே! பலே!" என்று அது மீசையை நக்கிக்கொண்டது. "இந்தச் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி என் நகம்தான் தேய்ஞ்சிருக்கு. இப்ப புள்ளையைப் பெத்தவரே எனக்காக இடிச்சுத் தரார்! அம்மாக்காரி அலகுதான் பயமா இருக்கு. அவ ஒரு நாள் வெளியே போவால்ல, அன்னைக்குப் பார்த்துக்கறேன்!"

அந்த நாளும் வந்தது. இருவாச்சிகளின் வழக்கத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. குஞ்சு பாதி வளர்ந்ததும் அதன் வயிறு முழுதாக வளர்ந்துவிடும். அப்பா ஒருவர் கொண்டுவரும் பழம் போதாது. தாய்க்கும் அதற்குள் புது இறகு முளைத்திருக்கும். அவள் சுவரை உடைத்து வெளியே வந்து, தானும் பழம் தேடப் போவாள். குஞ்சுக்கு இன்னும் பறக்க வராது. ஆகவே தாய் போனதும் வாசலை மறுபடியும் அடைக்க வேண்டும். வெளியே இருந்து அதைப் பூச முடியாது. உள்ளே இருக்கிற குஞ்சுதான் பூச வேண்டும்.

செங்கண்ணன் துரும்பாக இளைத்துப் போயிருந்தான். "வெளியே வா புள்ள. என்னால முடியலை. அவளுக்கு என்ன கொடுத்தாலும் பத்தலை" என்றான்.

வெள்ளைக்கண்ணி அசையவில்லை.

"என்ன யோசிக்கிறே? உனக்குத்தான் இறகு வந்திருச்சே!"

"நான் வந்துட்டா அவ வாசலைப் பூசமாட்டாளுங்க."

"ஏன் பூசமாட்டா?"

"எப்படிப் பூசுவா? சுவருன்னா கெட்டதுன்னு தினமும் கொத்திக் காட்டினது நீங்க. அது எதுக்குன்னு ஒரு நாளும் சொல்லாம வாயை அடைச்சது நான்."

செங்கண்ணன் வாயில் ஒரு அத்திப்பழம் இருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் கக்கவும் முடியாமல் நின்றான். எதிர்மரத்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு தான் பெரிதாக்கி வைத்திருந்த கீறலைப் பார்த்தான். நேரே ஓடைக்குப் பறந்து போனான். அலகு நிறைய மண்ணோடு திரும்பி வந்தான். மறுபடியும் போனான். அன்று அவன் முணுமுணுக்கவே இல்லை.

வெள்ளைக்கண்ணி மகளின் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"கண்ணு, நீ திரும்ப வேண்டாம். காதை மட்டும் கொடு. இந்தக் காட்டுல ஒரு மரநாய் இருக்கு. கறுப்பு உடம்பு, மஞ்சள் தொண்டை. அதோட கை உள்ளே வரக்கூடாதுன்னுதான் இந்தச் சுவரு. உன் கண்ணுல இருந்து காட்டை மறைக்கறதுக்கு இல்லை. இதை முதல்லயே சொல்லியிருக்கணும். நீ பயந்துருவேன்னு நான் பயந்துட்டேன்."

வெள்ளைக்கண்ணி, அவன் கொண்டுவந்த மண்ணை மகள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நான் பழம் கொண்டாரப் போறேன். வாசலை என்னால வெளியே இருந்து அடைக்க முடியாது. அடைக்கறதும் அடைக்காததும் இனிமே உன் இஷ்டம். மண்ணு இங்கே இருக்கு."

வெள்ளைக்கண்ணி மகளின் தலையை அலகால் ஒரு முறை கோதினாள். பிறகு தான் பார்த்துப் பார்த்துப் பூசிய சுவரைத் தானே உடைத்தாள். வெளிச்சம் குபீரென்று உள்ளே பாய்ந்தது.

பொட்டு திரும்பினாள். வாசல் முழுதாகத் திறந்திருந்தது. காடு தெரிந்தது! எத்தனை பச்சை! எவ்வளவு வானம்! அந்த வானத்துக்குக் கீழே கிளையில் அம்மா நின்றாள். பொட்டு அம்மாவை வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை.

வெள்ளைக்கண்ணி சிறகை விரித்தாள். ரொம்ப நாளாக மடங்கிக் கிடந்த சிறகு. கிளையிலிருந்து தாவியதும் தடுமாறிக் கீழே போனாள். ஒரு கொப்பில் இடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல மெல்ல மேலே எழும்பினாள். காற்று அதிரும் சத்தத்தோடு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனாள். எதிர்மரத்தை இரண்டு தடவை பார்த்து, மஞ்சளாக எதுவும் தெரியாத பிறகு செங்கண்ணனும் பின்னாலேயே போனான்.

"அம்மாவுக்கு இவ்வளவு பெரிய சிறகா!" என்று பொட்டு வாயைப் பிளந்தாள்.

அவள் காலடியில் பழைய இறகுகள் கிடந்தன. இத்தனை நாளும் அவள் மெத்தை என்று நினைத்துப் படுத்திருந்த இறகுகள். பொட்டு அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவளைவிட நீளமாக இருந்தது.

'இவ்வளவு தூரம் பறக்கத் தெரிஞ்சவ ஏன் இந்த இருட்டுல உட்கார்ந்திருந்தா? என்னை அடைச்சு வச்சான்னு சொன்னேனே! அடைச்சு வைக்கறவ வெளியேல்ல இருப்பா? அம்மாவும் என்கூட உள்ளேதானே இருந்தா!'

இதை நினைத்ததும் பொட்டுவுக்கு அழுகை வந்தது. கேட்பதற்கு அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவள் அழுதது அதுதான் முதல் முறை.

"அடடா! யார் அங்கே அழறது? தங்கமா? ராசாத்தியா?"

பொட்டு நிமிர்ந்தாள். வாசலுக்கு நேரே கிளையில் மரநாய் உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் தொண்டை. அம்மா சொன்ன அதே அடையாளம். பொட்டு நகர்ந்து நகர்ந்து பொந்தின் ஆழத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டாள். அலகை வாசல் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டாள்.

மரநாய் அந்த அலகைப் பார்த்தது. சின்ன அலகுதான். ஆனாலும் மூக்கில் குத்தினால் வலிக்கும். இவளை நைசாக வெளியே வரவழைக்க வேண்டியதுதான் என்று அது முடிவு செய்தது.

"உள்ளே ஏன் ஒளிஞ்சிருக்கே கண்ணு? வெளியே வா. உங்கம்மா மாதிரி எனக்கு எதையும் மறுக்கத் தெரியாது. நீ எது கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவேன்!"

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்!"

"மழையில நனையலாமா?"

"ஓ, நனையலாமே!"

"சாப்பிடாம விளையாடலாமா?"

"தாராளமா!"

"இங்கேயிருந்து கீழே குதிக்கலாமா? எனக்கு இன்னும் இறகே சரியா வரலை."

"அதனால என்ன? ஆசைப்பட்டா குதி! நான் கீழே நின்னு பிடிச்சுக்கறேன்!"

பொட்டு அப்பாவை நினைத்துப் பார்த்தாள். அப்பா கூட இதற்குச் சரி என்று சொல்லமாட்டார். கொத்துவார், கொடுப்பார், ஆனால் குதி என்று சொல்லமாட்டார். அவள் விழுந்தாலும் பரவாயில்லை என்கிறவன்தான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லுவான். பொட்டுவுக்கு இது பளிச்சென்று புரிந்தது.

அம்மா விட்டுப்போன மண் பக்கத்தில் இருந்தது.

"சரி மாமா, வரேன்" என்றாள் பொட்டு. "வெளியே வர்றதுக்கு முன்னாடி வீட்டைக் கொஞ்சம் மெழுகட்டுமா? அம்மா திரும்பி வந்து திட்டும்."

"மெழுகு, மெழுகு! அதுக்கென்ன!" என்றது மரநாய். எது கேட்டாலும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டதே!

பொட்டு மண்ணைக் குழைத்தாள். அம்மா எப்படி அலகைப் பக்கவாட்டில் வைத்துத் தட்டுவாள் என்று அவளுக்குத் தெரியும். கோபமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்! தட்டித் தட்டிப் பூசினாள். வாசலின் கீழ்ப்பாதி எழும்பியது.

"என்ன கண்ணு, வாசல்ல மெழுகறே?"

"வாசல்தானே மாமா அழகா இருக்கணும்? வேண்டாமா?"

"வேணும், வேணும்" என்றது மரநாய். கொட்டாவி விட்டது. வாலை நீவிக்கொண்டது. மதிய வெயில் வேறு சுகமாக இருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டி ஆட்டி அதற்குக் கழுத்து வலித்தது.

அது மறுபடியும் பார்த்தபோது வாசல் முக்கால்வாசி மூடியிருந்தது.

"ஏய்! அப்புறம் நீ எப்படி வெளியே வருவே?"

"எனக்கு இறகு வந்ததும் வருவேன் மாமா!"

"அடி கள்ளி!" என்று கத்திக்கொண்டு மரநாய் பாய்ந்தது. ஈரச் சுவரில் கையை விட்டது. பொட்டு கண்ணை மூடிக்கொண்டு தன் பலம் முழுவதையும் சேர்த்துக் கடித்தாள். "ஐயோ!" என்று மரநாய் கையை இழுத்தது. சுவரின் ஒரு பக்கம் சரிந்தது. பொட்டு தன் நெஞ்சையே அதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மரநாய் மறுபக்கம் பிறாண்டியது. மண் பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தாங்காது என்று பொட்டுவுக்குத் தெரிந்தது.

"அம்மா!" என்று கத்தினாள். அப்பா என்று கத்தவில்லை. அது தானாக வந்துவிட்டது.

தூரத்தில் காற்று அதிர்ந்தது. ஒரு ஜோடிச் சிறகு, அதன் பின்னால் இன்னொரு ஜோடி. வெள்ளைக்கண்ணி தொண்டையில் இருந்த பழங்களை எல்லாம் காட்டில் உதறிவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் மரநாயின் முதுகில் அலகால் ஒரு போடு போட்டாள். செங்கண்ணன் அதன் வாலைப் பிடித்துத் திருகினான். மரநாய் கிளைக்குக் கிளை விழுந்து, தரையில் உருண்டு, எழுந்து ஓடியது. வால் மயிர் கொஞ்சம் செங்கண்ணன் அலகிலேயே தங்கிவிட்டது.

மரம் அமைதியானது. அம்மாவும் அப்பாவும் மூச்சு வாங்க வாசலைப் பார்த்தார்கள். கோணலும் மாணலுமாக, மேடும் பள்ளமுமாக ஒரு சுவர். அதில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. சரிந்த பக்கத்தைப் பொட்டு அந்த நேரத்திலும் பூசிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி! உனக்கு ஒண்ணும் ஆகலையே? என் சாமி! மூஞ்சியைக் காட்டு, நான் பார்க்கணும்!" என்று செங்கண்ணன் தழுதழுத்தான். பழக்க தோஷம் விடுமா? ஈரச் சுவரின் ஓரத்தில் அலகை வைத்து ஒரு கொத்துக் கொத்தினான்.

உள்ளேயிருந்து அவன் அலகு நுனியில் நறுக்கென்று ஒரு கடி விழுந்தது.

"முடியாது!"

அச்சு அசல் வெள்ளைக்கண்ணியின் குரல். செங்கண்ணன் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

"ஏன் அம்மிணி?" என்று பாவமாகக் கேட்டான்.

"ஏன்னா சுவரு இன்னும் காயலைப்பா. இப்பக் கொத்தினா முழுசா விழுந்துரும். காயட்டும். உங்களுக்கு என் மூஞ்சியைப் பார்க்கணும்னா கண்ணைக் கிட்ட வச்சுப் பாருங்க. அப்புறம், போய் இன்னும் கொஞ்சம் மண்ணு கொண்டாங்க."

"இதோ போறேன்!" என்று செங்கண்ணன் பறந்தான்.

வெள்ளைக்கண்ணி கிளையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தான் இத்தனை நாளும் சொன்ன வார்த்தையைத்தான் மகளும் சொன்னாள். ஆனால் தான் ஒரு நாளும் சொல்லாத காரணத்தையும் சேர்த்துச் சொன்னாள். அந்தச் சின்ன வித்தியாசம் அவளுக்கு நன்றாக உறைத்தது.

பக்கத்து மரத்திலிருந்து பட்டுவால் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க அக்கா, புள்ளையே வீட்டைப் பூசிக்குதா? என்ன சொல்லி வளர்த்தீங்க? என்னுதுங்க காலையில போனதுங்க, கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை போச்சு!" என்று கேட்டாள்.

"நானே இன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள் வெள்ளைக்கண்ணி.

மாலையில் மேகம் கூடியது. பொந்தின் கீறல் வழியாக ஒரு சின்ன அலகு எட்டிப் பார்த்தது.

"அம்மா, மழை பெய்யுது. நாக்கை நீட்டி ஒரே ஒரு சொட்டு..."

"முடி..." என்று வெள்ளைக்கண்ணி ஆரம்பித்தாள். வாயை மூடிக்கொண்டாள். எதிர்மரத்தைப் பார்த்தாள். கீழே பார்த்தாள். மரநாயின் சுவடே இல்லை. கீறலுக்குப் பக்கத்தில் வந்து காவலாக உட்கார்ந்துகொண்டாள்.

"நீட்டு கண்ணு. ஒரு சொட்டு என்னத்துக்கு? ஆசை தீரக் குடி. நான் இங்கேதான் இருக்கேன்."

கீறல் வழியாக ஒரு நாக்கு நீண்டது. முதல் சொட்டு அதில் விழுந்ததும் உள்ளேயிருந்து ஒரு கூச்சல்! அதைக் கேட்டு, அலகு நிறைய மண்ணோடு வந்த செங்கண்ணன் மண்ணைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான்.

சில வாரம் கழித்து, இறகு முழுதாக முளைத்த பிறகு, பொட்டு அந்தச் சுவரைத் தன் அலகாலேயே உடைத்து வெளியே வந்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பறந்து போனாள்.

கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவதும் அன்பாகாது, கேட்கும் முன்பே மறுப்பதும் அன்பாகாது. காரணம் சொல்லி, தாங்களும் கூடவே உள்ளிருந்து பெற்றோர் போடும் எல்லையைத்தான் பிள்ளை தன் எல்லையாக ஏற்றுக் காத்துக்கொள்ளும்.